பெருவிரலைப் பிடிப்பது பிறகு

நேயர்களுக்கு வணக்கம். தை பிறந்தால் எங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கிவிடும். பயிற்றுநரான என் காதில் அந்த நாட்களில் அடிக்கடி விழுவது, "சேர், பின்தொடை இழுத்துப் பிடிச்சிட்டுது" என்பதுதான்.

சில வருடங்களுக்கு முன் அஞ்சலோட்டத்தில் கடைசியாக ஓடிய பையன் பாதி வழியில் தொடையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டான். ஓடுமுன் பிள்ளைகளை நிலத்தில் இருத்தி, காலை நீட்டிப் பெருவிரலைப் பிடிக்கச் சொல்லி, நூறு எண்ணும்வரை நான் விடவில்லை. பிறகு நேரே ஓடவிட்டேன். அது என் பிழை. ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்து வைத்தால் சற்று நேரத்துக்கு அதன் வலு குறையும். வேக ஓட்டத்துக்கு முன் அது கூடாது.

பாய் இழைக்கும் அம்மாக்கள் காய்ந்த ஓலையை நனைக்காமல் மடிக்க மாட்டார்கள், வெடித்துவிடும். தசையைப் பதப்படுத்துவது இரத்த ஓட்டம். இந்த வெயிலில் உடம்பு ஏற்கெனவே சூடுதானே என்று பெற்றோர் கேட்பார்கள். வெயில் தோலைத்தான் சுடும். தசைக்குள் இரத்தம் பாய உடம்பு அசைய வேண்டும்.

விளையாடுமுன் உடம்பைச் சூடாக்க உதைபந்தாட்டக்காரருக்கு 'பிஃபா 11 பிளஸ்' என்றொரு பயிற்சி இருக்கிறது. மொத்தம் 20 நிமிடம். முதல் 8 நிமிடம் மெல்லோட்டமும் இடுப்பைச் சுழற்றும் அசைவுகளும், அடுத்த 10 நிமிடம் வலு, பாய்ச்சல், சமநிலை, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகியிருந்தன. எங்கள் கிராமத்து மைதானங்களிலும் செய்யலாம், பெரிய சாமான் எதுவும் தேவையில்லை.

அதிலுள்ள ஒரு பயிற்சியை மட்டும் சொல்கிறேன். முழந்தாளில் நில்லுங்கள். நண்பன் கணுக்காலை அமர்த்திப் பிடிக்கட்டும். உடம்பை நேராக வைத்தபடி மெல்ல மெல்ல முன்னால் சரியுங்கள். நீளும்போதே பாரம் தாங்கப் பின்தொடை பழகும். முழு வேகத்தில் கால் முன்னே வீசும்போதுதானே பெரும்பாலும் அது கிழிகிறது. முதல் கிழமை 3, 4 தரம் போதும். நன்றாக நோகும், ஆகவே போட்டிக்கு முதல் நாள் தொடங்காதீர்கள்.

ஓடி முடிந்ததும் சட்டென்று நிற்க வேண்டாம். இரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிடம் நடவுங்கள். அப்புறம் பெருவிரலைப் பிடியுங்கள், 30 விநாடி. அடுத்த நாள் நோவை அது பெரிதாகக் குறைக்காது, ஆனால் உடம்பு வளைந்துகொடுக்க உதவும்.

தொடையில் 'டக்' என்று ஏதோ அறுந்தது போலிருந்தால் உடனே நிறுத்துங்கள். எண்ணெய் போட்டு உருவாமல் இயன்மருத்துவரிடம் காட்டுங்கள். பெற்றோரே, ரியூசன் முடிந்து பயிற்சி தொடங்கும் நேரத்துக்கே பிள்ளை ஓடிவந்தால் இதில் எதையும் செய்ய முடியாது. அந்த 20 நிமிடத்தை எங்களுக்குத் தாருங்கள். வணக்கம்.