குத்துமதிப்பா வரைஞ்ச மேப்பா இது? வாங்க, கணக்கு போடுவோம்

வணக்கம் மக்களே! போன வீடியோ கமெண்ட்ல ஒரே பாட்டு: "1902-ல ஏது சாட்டிலைட்? குத்துமதிப்பா வரைஞ்சிருப்பாங்க." கடுப்பாகுது. ஸ்க்ரீன்ல தெரியிறது அரிசோனா கிராண்ட் கேன்யனோட பிரைட் ஏஞ்சல் ஷீட். அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வுத் துறையான யுஎஸ்ஜிஎஸ்-க்காக ஃபிரான்சுவா மேத்தஸ் குழு 1902-ல வேலையை ஆரம்பிச்சது. ஸ்கேல் 1:48,000, 50 அடி உயரத்துக்கு ஒரு கான்டூர், அதாவது ஒரே உயரத்துல இருக்கிற இடங்களைச் சேர்க்கிற கோடு.

கருவி நம்ம பிளேன் டேபிள்தான். ட்ரைபாட் மேல போர்டு, அது மேல அலிடேட், அதாவது டெலஸ்கோப் வச்ச ரூலர். சிவில் பசங்களுக்குத் தெரியும். சமவெளின்னா அளவு குறிச்ச ஸ்டாஃப் கம்பைப் பிடிக்க ஆள் அனுப்பிடலாம். சிவா டெம்பிள்ங்கிற பாறை மலையோட உச்சிக்கு யாரை அனுப்புவீங்க? (அந்தப் பேரு மேத்தஸுக்கு முன்னாடியே புவியியல் ஆய்வாளர் கிளாரன்ஸ் டட்டன் வச்சது.) அதனால பள்ளத்தாக்கு விளிம்புல ஒரு இடத்துலேர்ந்து உச்சியைப் பார்த்து ஒரு பென்சில் கோடு, இன்னொரு இடத்துலேர்ந்து இன்னொண்ணு. வெட்டுற புள்ளிதான் உச்சி. மூணாவது கோடும் அதுலயே விழணும். விழலையா? போர்டு திரும்பிடுச்சான்னு முதல்ல பாருங்க. கோடுங்க ரொம்ப ஒட்டினாப்ல வந்தாலும் வேஸ்ட், எங்க வெட்டுதுன்னே தெரியாது.

உயரத்துக்கு, தூரத்தை, உச்சியைப் பார்க்கிற செங்குத்துக் கோணத்தோட டேன் (tan) மதிப்பால பெருக்கணும். இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம்! பூமி வளைவு, காத்துல ஒளி வளையிறது, ரெண்டுக்கும் சேர்த்து மைல் ஸ்கொயர் இன்டு 0.57 அடி கூட்டணும். 1 மைல்ல அரை அடி, யாரு கவலைப்படுவா? 10 மைல்ல 57 அடி! ஒரு கான்டூரே காலி. கோணம் 1 நிமிஷம் தப்பினா அதே தூரத்துல இன்னொரு 15 அடி போச்சு. குத்துமதிப்பாம்!

அய்யோ, பேப்பரை விட்டுட்டேன். இந்த ஸ்கேல்ல கால் மில்லிமீட்டர்னா தரையில 12 மீட்டர். ஈரத்துல பேப்பர் உப்பும், வெயில்ல சுருங்கும், நேத்து போட்ட புள்ளி இன்னிக்கு நகர்ந்திருக்கும். அதுக்குத்தான் ரெண்டு தாளை இழை குறுக்கா வச்சு, நடுவுல துணி கொடுத்து ஒட்டுவாங்க.

விலை? ஜீரோ! இதே ஸ்கேனை ஃப்ரேம் போட்டு விக்கிறாங்க, வாங்காதீங்க. யுஎஸ்ஜிஎஸ்-ஓட டோப்போவியூ வெப்சைட்ல லாகின் கூட கேக்காது. ஜியோடிஃப் (இடக்குறிப்போட வர்ற பட ஃபைல்) எடுத்து கியூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல, இன்னிக்கு சாட்டிலைட் படம் மேல போடுங்க, தானா உட்காரும். ஆத்தோர மணல்திட்டை வச்சு ஒப்பிடாதீங்க, அது இடம் மாறும், உச்சிகளைப் பாருங்க. மொத்த ஷீட்டும் ஒரே பக்கம் தள்ளி நின்னா டேட்டம் பிரச்சினை, அதாவது இடங்களை அளக்க வச்சிருக்கிற அடிப்படையே வேற; இந்த மேப் வட அமெரிக்காவோட 1927 டேட்டமான நாட் 27-க்கும் (NAD 27) மூத்தது. ஒரே ஒரு உச்சி மட்டும் தள்ளி நின்னா அது சர்வே தப்பு. கண்டுபிடிச்சா கமெண்ட்ல போடுங்க, பின் பண்றேன்.