அம்மாவின் ரத்த ரிப்போர்ட், பிள்ளையின் ரத்த ரிப்போர்ட்: அருகருகே வைத்துப் படிப்பது எப்படி?

[திரையில்: இரண்டு ரிப்போர்ட்டுகள்]

பிரசவத்துக்குச் சற்று முன் எடுத்த அம்மாவின் ஹீமோகுளோபின் 10.8. தொப்புள்கொடி ரத்தத்தில் பிள்ளைக்கு 17. இரண்டும் டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு.

அம்மாவின் எண் 11-க்குக் கீழே இருப்பதால் ரத்தசோகைதான், லேசானது. கர்ப்பத்தில் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, 40–50 சதவீதம் பெருகும். சிவப்பணுக்கள் 20–30 சதவீதமே கூடும். ரத்தம் நீர்த்துப்போவதும் எண்ணைக் கீழே இழுக்கிறது.

பிள்ளையின் 17 இயல்பானது. கருப்பையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. அதை ஈடுகட்ட, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் அதிகம் சுரந்து சிவப்பணுக்கள் பெருகுகின்றன.

[திரையில்: எம்சிவி – அம்மா 85, பிள்ளை 108]

எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு. பெரியவர்களுக்கு 80–100 ஃபெம்டோலிட்டர். அந்த வரம்பையே பிள்ளைக்கும் போட்டால் 108-க்குப் பக்கத்தில் 'அதிகம்' என்று குறி விழும். பதறவேண்டாம், பிறந்த பிள்ளையின் அணுக்கள் பெரியவைதான்.

உண்மையான ஆபத்து, குறியே விழாத இடத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு எம்சிவி 88 வந்தால் அந்த வரம்புப்படி அது 'நார்மல்'. ஆனால் நிறைமாதப் பிள்ளைக்கு 95-க்குக் கீழே என்றாலே ஆல்ஃபா தலசீமியாவை நினைக்கவேண்டும். இது ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலி குறைவாக உருவாகும் பரம்பரைக் கோளாறு. பீட்டா சங்கிலி குறையும் பீட்டா தலசீமியா இப்போது தெரியாது. பிறக்கும்போது பிள்ளையிடம் பெரும்பாலும் இருப்பது கரு ஹீமோகுளோபின், அதில் பீட்டா சங்கிலியே கிடையாது.

எம்சிஎச்சி, அதாவது சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் அடர்த்தி, மட்டும் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே: டெசிலிட்டருக்கு 32–36 கிராம். அணு பெரிதாகும்போது உள்ளே ஹீமோகுளோபினும் கூடுவதால் அடர்த்தி மாறுவதில்லை.

வெள்ளணு எண்ணிக்கையிலும் ஒரு பொறி. பிள்ளையின் ரத்தத்தில் உட்கரு உள்ள சிவப்பணுக்கள் இருக்கும். சில கருவிகள் அவற்றையும் வெள்ளணுவாக எண்ணிவிடும். ஸ்லைடில் 100 வெள்ளணுவுக்கு இவை 20 என்றால், கருவி காட்டிய எண்ணிக்கையை, உதாரணமாக 24,000-ஐ, 100-ஆல் பெருக்கி 120-ஆல் (100 + 20) வகுங்கள். உண்மையில் 20,000.

[திரையில்: தொப்புள்கொடிச் சிரையில் ஊசி]

மாதிரி எடுப்பதில்தான் பாதி ஒப்பீடு கெடுகிறது. கொடியைத் துடைத்துவிட்டுச் சிரையில் ஊசி போட்டு எடுங்கள். வெட்டிய முனையைப் பிழிந்தால் கொடிக்குள் இருக்கும் வழவழப்பான வார்ட்டன் ஜெல்லி கலந்து ரத்தம் உறையும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ மருந்துள்ள குழாயை உடனே எட்டுமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம் ஹீமோகுளோபினையும் ஹெமட்டோகிரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) சிரை ரத்தத்தைவிட அதிகமாகவே காட்டும். ஹெமட்டோகிரிட் 65 சதவீதம் தாண்டினால், சிரையில் எடுத்துப் பார்க்காமல் பாலிசைத்தீமியா (சிவப்பணுக்கள் மிகையாக இருப்பது) என்று எழுதக்கூடாது.

அம்மாவின் 10.8 பிள்ளையை பாதித்ததா? ஹீமோகுளோபினில் பெரும்பாலும் தெரியாது, நச்சுக்கொடி இரும்பைப் பிள்ளைக்கு இழுத்துக் கொடுத்துவிடும். அம்மாவுக்கு இரும்புச்சத்துக் குறைவு கடுமையாக இருந்தால் பிள்ளையின் சேமிப்புதான் மெலியும். அதற்கு இருவருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கவேண்டும்.