தங்கமும் கந்தகமும்

வணக்கமுங்க. முடக்குவாதத்துக்குப் போட்ட தங்க ஊசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் ஒன்று வருமே, அது எரிவாயுவின் நாற்றம் இல்லை. கசிவு தெரியட்டும் என்று கலக்கிற கந்தகச் சேர்மம். தயால் என்போம். முப்பது வருஷமாக அந்தக் குடும்பத்தோடுதான் எனக்குப் பிழைப்பு. வீட்டில் என் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பார்கள்.

வெள்ளிக் கொலுசு கறுக்கிறது, தாலி கறுப்பதில்லை. அதனால் தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் ஆகாது என்று நினைத்துவிடுகிறோம். தங்கம் கட்டியாக இருக்கும் வரைக்கும்தான் அந்த வீராப்பு. ராஜ திராவகம் என்கிற அமிலக் கலவையில் கரைத்தால் மஞ்சளாகக் கரையும். கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். அதிலிருந்து எடுத்த உப்பைக் கரைத்துத் தயாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மஞ்சள் வெளிறிப் போகும். அப்புறம் தங்கம், கந்தகம், தங்கம், கந்தகம் என்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டு தூளாக அடியில் படியும். லேசில் எதிலும் கரையாது. பாஸ்பீன் என்கிற பாஸ்பரஸ் சேர்மத்தைச் சேர்த்தால் சங்கிலி அறுந்து, தனித்தனி மூலக்கூறாகக் கரையும்.

கரைந்தால்தான் படிகம் வளர்க்கலாம். கரைசலின் மேல் ஈதர் என்கிற திரவத்தை மெல்ல ஊற்றி ஆடாமல் வைக்க வேண்டும். உறை ஊற்றிய பாலை ஆட்டிக்கொண்டே இருந்தால் தயிர் கட்டுமா? எங்கள் ஆய்வகத்து மதிலுக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். ராப்பகலாகத் தடதடவென்று ஓடும். எத்தனை குப்பி வைத்தாலும் தூள்தான். மாணவனைத் திட்டினேன், ஈதரைத் திட்டினேன். பொங்கலுக்குத் தறி நின்றது. நான்கு நாள் கழித்துக் கதவைத் திறந்தால், குப்பிக்குள் கற்கண்டு மாதிரி பளபளவென்று ஊசிகள்! தறிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா சார் எங்க தறியெல்லாம் நிக்கோணும்?" என்றார்.

அந்தப் படிகத்தை எக்ஸ்ரேயில் பார்த்தபோது தெரிந்தது இதுதான்: கந்தகம், தங்கம், பாஸ்பரஸ் மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்கோடு. பக்கத்து மூலக்கூறின் தங்கமோ சுமார் மூன்று ஆங்ஸ்ட்ராம் தூரத்தில். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்றால் சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. இரண்டு தங்கமும் நேர்மின் ஏற்றம், விலகத்தானே வேண்டும்? பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் நோம்பியன்று ஒரே திண்ணையில் உட்கார்ந்த கதைதான்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். முடக்குவாத ஊசியைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். 1929-இல் பிரான்சில் ஃபாரெஸ்டியே என்ற மருத்துவர் தங்க-கந்தக உப்புகளை அந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த வகை மருந்தான தங்கத் தயோமாலேட்டின் படிகம் 1998-இல்தான் பிடிபட்டது. இரண்டு சங்கிலிகள் தாம்புக்கயிறு போல முறுக்கிக்கொண்டு... சரி, நேரம் ஆயிடுச்சுங்க. வணக்கம்.