ஆட்டுக்குட்டி எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'பண்டிகைக்குப் பொருள் வாங்கித் தருவதைவிட, அவர் பெயரில் நன்கொடை கொடுப்பதே நல்ல பரிசு' என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர் உருகி உருகிப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். கைதட்டலையும் அள்ளிக்கொண்டார். இதற்குப் பிறகு எழுந்து மறுத்துப் பேசுகிறவனுக்குக் குடிக்கத் தண்ணீராவது கொடுப்பார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. ஆனால் நான் நன்கொடைக்கு எதிரி இல்லை. கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். அதை எனக்குத் தந்த பரிசு என்று மட்டும் சொல்லாதீர்கள். என் வழக்கு அவ்வளவுதான்.

என் அக்கா மகனுக்கு எட்டு வயது. போன பண்டிகைக்கு உறவினர் ஒருவர் அவன் கையில் ஓர் உறையைக் கொடுத்தார். பிரித்தான். உள்ளே வழவழப்பான ஓர் அட்டை, அதில் ஆட்டுக்குட்டியின் படம். 'உன் பெயரில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு ஆடு வழங்கப்படுகிறது' என்று கீழே அச்சிட்டிருந்தது. எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தான். அப்புறம் உறையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினான். ஒன்றும் விழவில்லை. "ஆட்டுக்குட்டி எங்கே?" என்றான். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் "ஆகா, என்ன நல்ல மனசு!" என்றார்கள். யாரைப் பார்த்து? உறை கொடுத்தவரைப் பார்த்து! புகழ் அவருக்கு, ஆடு எங்கோ இருக்கும் குடும்பத்துக்கு. "தேங்க்ஸ் சொல்லுடா" என்கிற அதட்டல் மட்டும்தான் பையனுக்கு.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நண்பர் கேட்டார். ஐயா, மாடு எனக்கு வரவே இல்லையே, எந்தப் பல்லைப் பிடிப்பது?

மாடு என்றதும் அவர் சொன்ன கதைக்கு வருகிறேன், ஏழைக் குடும்பங்களுக்குக் கால்நடை வழங்கும் ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு பிறந்த கதை. நல்ல கதைதான். டான் வெஸ்ட் என்ற அமெரிக்க விவசாயி, ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது பசித்தவர்களுக்குப் பால் அளந்து ஊற்றியவர். கோப்பைப் பால் எத்தனை நாளைக்கு, மாட்டையே கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1944-இல் முதல் கிடாரிகள் போர்ட்டோ ரிக்கோவுக்குக் கப்பலேறின. நண்பர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார். மீதியை நான் சொல்கிறேன். மாடு வாங்கிய குடும்பம், அது ஈனும் முதல் கிடாரிக் கன்றை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அதாவது மாடு முதலில் அவர்கள் கொட்டிலுக்கு வந்தது. புல் போட்டார்கள், வளர்த்தார்கள், பிறகு தங்கள் கையாலேயே கன்றை அவிழ்த்துக் கொடுத்தார்கள். வாங்கியவர் அங்கே கொடுப்பவராக நிமிர்கிறார். அட்டை வாங்கிய நம் பையனுக்கு அந்த நிமிர்வு எங்கே? அவனைக் கேட்டார்களா? ஆடா, புத்தகமா, மரக்கன்றா என்று அவனையே தேர்ந்தெடுக்கவாவது விட்டார்களா?

அடுத்து, பொருளாகக் கொடுத்தால் பணம் வீண் என்றார்கள். பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் எழுதிய கட்டுரையை எடுத்துப் போட்டார்கள். பரிசு வாங்கியவர்களைக் கேட்டால், அதன் விலையைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது அவர் கணக்கு. சரி. ஆனால் அவர் மாணவர்களிடம் கேட்டபோதே, பாச மதிப்பை ஒதுக்கிவிட்டு விலை சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். பாசத்தைக் கழித்துவிட்டுப் பரிசை எடை போட்டால் குறையாமல் என்ன செய்யும்? பாலைக் கொட்டிவிட்டுச் செம்பை நிறுப்பது போல இருக்கிறது.

நாங்களும் ஓர் ஆய்வை வைக்கிறோம். 2015-இல் கவனா, ஜினோ, ஃபிட்ஸ்சைமன்ஸ் என்ற மூவர், நன்கொடை போன்ற சமூகப் பொறுப்புள்ள பரிசுகளை ஆராய்ந்தார்கள். பெறுபவர் இதை எவ்வளவு மெச்சுவார் என்பதைக் கொடுப்பவர் தப்பாகக் கணிக்கிறார், அதிலும் அவ்வளவாகப் பழக்கம் இல்லாதவருக்குக் கொடுக்கும்போது மிகையாகவே கணிக்கிறார் என்று கண்டார்கள். அட்டைகள் அதிகம் போவது யாருக்கு? என்ன வாங்குவது என்று தெரியாத அந்த அரைகுறைப் பழக்கக்காரர்களுக்குத்தான்! என் நண்பர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு வருடம் பண்டிகைப் பரிசே இல்லை. 'உங்கள் அனைவர் சார்பாகவும் நன்கொடை அளித்துள்ளோம்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. எவ்வளவு, எங்கே என்ற விவரம் அதில் இல்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. தேங்காய் ஊழியருடையது, பக்தி நிர்வாகத்துடையது. வரிச்சலுகைக்கான ரசீதும் பணம் கட்டியவர் பெயருக்குத்தான் போகும்.

அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள். 'படத்தில் உள்ளது ஓர் அடையாளமே, தொகை தேவை அதிகமுள்ள பணிக்குச் செலவிடப்படும்' என்று பல அமைப்புகள் போடுகின்றன. அதில் தவறில்லை, நேர்மையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பையன் தேடிய ஆடு அந்த ஊரிலும் இல்லாமல் போகலாம்.

நடுவர் கேட்பார், விதிவிலக்கே கிடையாதா என்று. உண்டு. 'எனக்கு எதுவும் வேண்டாம், இந்தப் பணிக்குக் கொடு' என்று பெறுபவரே வாய்விட்டுச் சொன்னால் அது அவர் கேட்ட பரிசு. 2005-இல் தொடங்கிய கீவா போன்ற அமைப்புகளின் பரிசு அட்டையையும் ஒப்புக்கொள்கிறேன். எந்தச் சிறு தொழிலுக்குக் கடன் தருவது என்று அட்டை வாங்கியவரே தேடித் தேர்ந்தெடுக்கிறார். அங்கே அவர் கையில் ஏதோ வருகிறது. அவ்வளவு தூரம் எதிரணி இறங்கி வந்தால் நாங்களும் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போடுவோம். ஆனால் அவர்கள் அதைப் பேசவில்லையே!

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் பேச்சாளர்களுக்கு நினைவுப் பரிசு இருக்கிறது என்று அறிவித்தார்கள். அமைப்பாளர்களே, என் பங்கை என் பெயரில் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். என் கையில் கொடுங்கள். யாருக்குக் கொடுப்பது என்று நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறேன்.