ஐந்து வெள்ளி (ரிங்கிட்) அர்ச்சனைச் சீட்டு

வணக்கம் நேயர்களே. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். வானொலியில் பேச அழைத்தவர்கள், மடிக்கணினி வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று ஏதாவது சொல்வேன் என நினைத்திருக்கலாம். அதைக் கடைக்கு வந்தால் காசு வாங்காமலே சொல்கிறேன். இன்று ஒரு சண்டையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எழுதிய மென்பொருளை மற்றவர்களுக்கு எந்த நிபந்தனையில் கொடுப்பது என்று, மென்பொருள் எழுதுகிறவர்களுக்குள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் சண்டை. வெகுநாள்வரை அது அமெரிக்காக்காரர்களின் சண்டை என்றுதான் இருந்தேன். அப்புறம் அது ஓர் அர்ச்சனைச் சீட்டு வழியாக என் கடைக்குள்ளேயே வந்துவிட்டது.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடி வெள்ளி என்றால் கூட்டம் தாங்காது. தோட்டத்தை விட்டுப் போனவர்கள்கூட ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். வாசலில் மேசை போட்டு, பெயர், நட்சத்திரம், ராசி எல்லாம் பேனாவால் எழுதிச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார் பொருளாளர். முன்னாள் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை, எழுத்து முத்து முத்தாக இருக்கும். வரிசைதான் நகராது. அவருக்காக ஒரு சின்ன நிரல் எழுதினேன். பெயரைத் தட்டி, நட்சத்திரத்தைத் தொட்டால், ராசியோடு சீட்டு அச்சாகி வெளியே வரும். மற்றக் கோயில்களுக்கும் உதவட்டுமே என்று மூல நிரலை, அதாவது நான் எழுதிய வரிகளை அப்படியே, இணையத்தில் போட்டேன். போடும்போது, மற்றவர்கள் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஏதாவது ஓர் உரிமத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அவற்றில் எம்ஐடி என்ற உரிமம் ஒரு பக்கத்துக்கும் குறைவாக இருந்தது. படித்தேன், புரிந்தது, சரி என்று அதையே போட்டுவிட்டேன். அவ்வளவுதான் நான் யோசித்தது.

மூன்று வருடம் கழித்து ஜொகூர் பக்கத்துக் கோயில் ஒன்றின் செயலாளர் கூப்பிட்டார். "ஐயா, உங்க மெஷின் கார்த்திகை நட்சத்திரம்னா எல்லாருக்கும் மேஷ ராசின்னு அடிக்குது. குருக்கள் சத்தம் போடுறாரு." கார்த்திகையில் முதல் பாதம் மட்டும்தான் மேஷம், மற்ற மூன்று பாதமும் ரிஷபம். அது நான் செய்த தப்புதான். ஆனால் அதை எப்போதோ திருத்தியாயிற்று. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒரு தம்பி, முகம்கூடப் பார்க்காதவர், பாதக் கணக்கைப் போட்டுத் தனிக் கோப்பாகவே எழுதி அனுப்பியிருந்தார். ஜொகூரில் ஏன் இன்னும் பழையது ஓடுகிறது என்று விசாரித்தால்தான் கதை வெளியே வந்தது. ஒரு நிறுவனம் என் நிரலை எடுத்து, நிறம் மாற்றி, வேறு பெயர் வைத்து, கோயில்களுக்கு வருடச் சந்தாவுக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. உதவி கேட்டு அழைத்தால் எடுப்பதில்லை. திரையின் கடைசியில் 'உரிமங்கள்' என்று ஒரு பக்கம். அதில் எறும்பு ஊர்வதுபோல் சின்ன எழுத்தில் என் பெயரும் மின்னஞ்சலும். செயலாளர் அதைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து என் கடை எண்ணைப் பிடித்திருக்கிறார்.

இதில் வேடிக்கை, அந்த நிறுவனம் ஒரு தப்பும் செய்யவில்லை. எம்ஐடி உரிமம் கேட்பதே ஒன்றுதான்: என் பெயருள்ள அறிவிப்பை அழிக்காதே. அவர்கள் அழிக்கவில்லை. கோபத்தில் வீட்டில் புலம்பியபோது என் மனைவி கேட்டாள்: "நீங்கதானே எடுத்துக்கோன்னு எழுதிக் கொடுத்தீங்க?" பதில் இல்லை.

எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று பிறகு தெரிந்து கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் எழுதிய, இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் வாங்கவும் உதவும் கர்ல் என்ற நிரல், உலகத்தில் கோடிக்கணக்கான கருவிகளுக்குள் இருக்கிறது. கார்களின் திரைகளிலும் அவர் பெயரும் மின்னஞ்சலும் உரிமப் பக்கத்தில் வருகின்றன. கார் வாங்கியவர்கள், திரை வேலை செய்யவில்லை என்று அவருக்கே கடிதம் எழுதுகிறார்கள்.

சரி, வேறு உரிமம் போட்டிருந்தால்? இங்கேதான் அந்தப் பழைய சண்டை வருகிறது.

நம் பக்கத்து ஊர் கோலகங்சாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1876-இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை விக்கம் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் சில மறு வருடம் சிங்கப்பூர் வந்து, அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பூட்டன் பால்வெட்டிய மரங்களின் வம்சம் இப்படித்தான் இங்கே வந்தது. விதை கொடுத்த நாட்டுக்கு எதுவும் திரும்பிப் போகவில்லை. எம்ஐடி, பிஎஸ்டி வகை உரிமங்கள் ஏறக்குறைய இப்படி: எடுத்துக்கொண்டு போ, கேள்வி இல்லை. இன்னொரு வகை உண்டு: விதையை எடு, நடு, ஒட்டுக் கட்டி மேலும் நல்ல கன்றாக்கு, விற்கவும் செய். ஆனால் உன்னிடம் வாங்குகிறவனுக்கும் விதையைக் கொடு, அவனும் நடலாம் என்று எழுதிக் கொடு. இதுதான் ஜிபிஎல் உரிமம், விதை என்றது மூல நிரலை. இதை வைத்து வியாபாரமே செய்யக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம், பூட்டி வைக்கத்தான் கூடாது.

இதைக் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர். எம்ஐடி என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் இருந்தபோது, புதிதாக வந்த அச்சுப்பொறி அடிக்கடி தாளைச் சிக்கவைக்க, அதன் நிரலைத் திருத்தலாம் என்று மூல நிரலைக் கேட்டார். கொடுக்க முடியாது என்றுவிட்டார்கள். தாள் சிக்குவதை நான் தினமும் பார்க்கிறேன், அதற்காக ஓர் இயக்கம் தொடங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அவருக்குத் தோன்றியது. யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களை எழுத 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார், 1989-இல் ஜிபிஎல் வந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸை வெளியிட்டபோது காசுக்கு விற்கக் கூடாது என்றுதான் உரிமம் எழுதியிருந்தார். மறு வருடமே ஜிபிஎல்லுக்கு மாறினார். ஆனால் 2007-இல் ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு வந்தபோது அவர் அதற்கு மாறவில்லை, லினக்ஸ் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. ஒரே வீட்டுக்குள் இவ்வளவு கருத்து வேறுபாடு.

ஆங்கிலத்தில் அவர்களுக்கு ஒரு தலைவலி, 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் சும்மா கிடைப்பதையும் சுதந்திரத்தையும் குறிக்கிறது. நமக்கு அந்தக் குழப்பமே இல்லை. மலாயில் பெர்சுமா வேறு, பெபாஸ் வேறு. தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 1998-இல் கலிபோர்னியாவில் சிலர் கூடி, நிறுவனங்கள் இந்தச் சொல்லைக் கேட்டுப் பயப்படுகின்றன, புதிய பெயர் வைப்போம் என்று பேசினார்கள். கிறிஸ்டீன் பீட்டர்சன் சொன்ன 'ஓப்பன் சோர்ஸ்' நிலைத்தது. திறமூலம் என்கிறோம். ஸ்டால்மனுக்கு அது பிடிக்கவில்லை. சுதந்திரத்தைப் பேச வேண்டிய இடத்தில் வசதியைப் பேசுகிறீர்கள் என்றார். என் அபிப்பிராயம் கேட்டால், அவர் சொன்னது சரி. ஆனால் அந்தப் புதிய பெயர் வராமல் இருந்திருந்தால், இந்தத் தோட்டப்புறத்தில் என்னைப் போன்றவன் கைக்கு இது எதுவும் வந்திருக்காது என்பதும் சரி.

போன ஆடிக்குப் பிறகு, அடுத்த பதிப்பை ஜிபிஎல்லுக்கு மாற்றப்போவதாகப் பாயான் லெப்பாஸ் தம்பிக்கு எழுதினேன். எம்ஐடி நிரலை ஜிபிஎல்லுக்குள் சேர்க்க யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரு மரியாதைக்குக் கேட்டேன். அன்றிரவே தொலைபேசியில் வந்துவிட்டார். "அண்ணே, நான் இதைக் கோயிலுக்கு உபயமா நினைச்சுக் கொடுத்தேன். உபயம் கொடுத்த பிறகு கணக்குக் கேட்கலாமா?" என்றார். நான் சொன்னேன், "கோயிலுக்குக் கொடுத்தது சரி தம்பி, நடுவில ஒருத்தன் உண்டியலைத் தூக்கிட்டுப் போறானே." அவர் விடவில்லை: "அவன் விக்கிறதாலதான் நமக்குப் பெயர்கூடத் தெரியாத கோயில்ல எல்லாம் சீட்டு அச்சாகுது. நீங்க தனியா எத்தனை கோயிலுக்குப் போவீங்க?" இரண்டு மணி நேரம். என் தேநீர் ஆறிப் போனது. இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

பெரிய நிறுவனங்களிலும் இதே வழக்குத்தான், தொகைதான் வேறு. எலாஸ்டிக் நிறுவனம் தன் தேடல் மென்பொருளைத் திறந்து வைத்திருந்தது. அமேசான் அதைத் தன் சேவையாக வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தது. பொறுக்க முடியாமல் 2021-இல் எலாஸ்டிக் உரிமத்தை இறுக்கியது. அமேசான் உடனே பழைய பதிப்பை நகலெடுத்து, ஓப்பன்சர்ச் என்ற பெயரில் தனிக் கிளையாகப் பிரித்தது. 2023-இல் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெராஃபார்ம் மென்பொருளின் உரிமத்தை மாற்றியது, அதன் கிளையாக ஓப்பன்டோஃபு பிறந்தது. 2024-இல் ரெடிஸ் நிறுவனமும் மாற்றியது, அதற்குக் கிளை வால்கீ. வேடிக்கை என்னவென்றால் எலாஸ்டிக்கும் ரெடிஸும் பிறகு ஜிபிஎல் வகையைச் சேர்ந்த ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தையும் சேர்த்துக்கொண்டு பாதி வழி திரும்பி வந்தன. அமேசான்மேல் அவர்களுக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது, என் கோபமும் அதே ஜாதிதான். ஆனால் ஒரு வித்தியாசம். அவர்களுடைய நிரலில் வெளியாட்கள் பலர் சம்பளமில்லாமல் எழுதிக் கொடுத்த வரிகள் இருந்தன. எல்லோருக்கும் பொது என்று சொல்லி வாங்கிக்கொண்டு, பிறகு நிறுவனத்தின் வசதிக்காக மாற்றினால், கொடுத்தவனுக்கு மனம் கசக்காதா?

கிளை பிரிப்பது என்று கேட்டதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். தோட்டத் துண்டாடல். ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக அறுத்து விற்றார்கள். வேலையும் லயத்து வீடும் சேர்ந்தே போயின. நிரலைக் கிளை பிரித்தால் யாருக்கும் வீடு போகாது. நகல் எடுத்தாலும் மூலம் அப்படியே இருக்கும், அதுதான் இதன் அதிசயம். ஆனால் பராமரிக்கிற ஆள் நகலாவதில்லை. இங்கே பத்துப் பேர், அங்கே பத்துப் பேர் என்று அவர்கள்தான் துண்டாகிறார்கள்.

துண்டாடலுக்கு இந்த ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் கண்ட வழி உங்களுக்குத் தெரியும். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தையே வாங்கினார்கள், முதலில் கெடாவில் புக்கிட் சீடிம். என் அம்மாவின் பங்குப் பத்திரம் இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மென்பொருள் உலகம் நாற்பது வருடமாக உரிமத்தின் வாசகத்தைத் திருத்தித் திருத்தி எழுதுகிறது. நிரலைப் பராமரிக்கிறவர்களுக்காக ஆளுக்குப் பத்து வெள்ளி போடுவதைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுகிறது.

2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானது. உலகத்து இணையதளங்களில் பெரும்பகுதியின் பூட்டு அதுதான். அதைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 அமெரிக்க டாலர் என்று அப்போதுதான் தெரிந்தது. 2024 மார்ச்சில் நடந்தது இன்னும் மோசம். கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற நிரலை ஒருவர் கிட்டத்தட்டத் தனியாளாகப் பார்த்துவந்தார். மனத்தளவில் சோர்ந்துபோயிருந்தவர். அவருக்கு உதவ ஒரு பெயர் வந்து சேர்ந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தது. இன்னும் சில பெயர்கள், ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு ஆளிடம் கொடு என்று அந்த மனிதரை நச்சரித்தன. சாவி கைமாறியதும் உள்ளே கள்ளக் கதவு வைக்கப்பட்டது. தன் கணினியில் ஒரு வேலைக்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால் உலகம் தப்பியது. இதில் எந்த உரிமமும் மீறப்படவில்லை. ஜிபிஎல்லாக இருந்தாலும் எம்ஐடியாக இருந்தாலும் அந்தத் தனி மனிதருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

என் சீட்டு நிரலுக்கும் இப்போது நானும் தம்பியும்தான். நான் எழுதியதெல்லாம் ஜிபிஎல்லுக்கு மாறிவிட்டது. பாதக் கணக்குள்ள தம்பியின் கோப்பு மட்டும், அவர் விருப்பப்படியே, தலையில் எம்ஐடி உரிமத்தோடு இருக்கிறது. ஆறு கோயில்களின் பொருளாளர்களிடம் பேசி, ஆடிக்கு ஆடி ஆளுக்கு ஐம்பது வெள்ளி போடச் சொல்லியிருக்கிறேன். நான்கு பேர் போட்டிருக்கிறார்கள். ஒருவர், "கோயில் காசை இதுக்கா?" என்றார். அவரிடம் இன்னொரு முறை பேச வேண்டும்.

ஜொகூர்க் கோயில் இன்னும் அந்த நிறுவனத்துக்கே சந்தா கட்டுகிறது. போன மாதம் செயலாளர் மறுபடி கூப்பிட்டார். கார்த்திகை சரியாகிவிட்டதாம், நன்றி சொன்னார். நான் ஒன்றும் செய்யவில்லையே என்றேன். பிறகு தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது, கீழே ஒரு சிரிப்புப் பொம்மை. என் புதிய பதிப்பைப் பூட்டி விற்க முடியாத அந்த நிறுவனம், அவருடைய கோப்பை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறது. உரிமப் பக்கத்தில் இப்போது என் பெயருக்குக் கீழே அவர் பெயர்.