ரசீது கேட்காத ஒரு முழம்

வணக்கம் நேயர்களே. கல்லூரியில் 30 வருடம் தாவரவியல் நடத்தியவனைக் கூப்பிட்டு, "கணவன் மனைவி அன்பைப் பற்றிப் பேசுங்க சார்" என்றார்கள். வேரும் இலையும் தெரிந்த அளவுக்கு இது எனக்குத் தெரியாது என்றேன். "கல்யாணமாகி 41 வருஷம் ஆச்சே, அது போதாதா?" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். வீட்டில் என் மனைவியும் கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் கொஞ்சம் அளந்துதான் பேச வேண்டும்.

மதுரைக்காரன் நான். அன்பு என்றதும் எனக்கு மல்லிகைப்பூதான் நினைவுக்கு வரும். எங்கள் ஊர் மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விடியற்காலையில் மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு வரும். சாயங்காலம் தொடுத்து வாங்கிக்கொண்டு போனால், வீட்டுக்குள் இருட்டிய பிறகு மெல்ல விரியும். தன் வேலையை ராத்திரிக்கென்று எடுத்து வைத்திருக்கிற செடி அது. பனிக்காலத்தில் விளைச்சல் குறைந்து, கிலோ ஆயிரங்களில் போகும். அப்போது பூக்காரம்மாவின் முழமும் கொஞ்சம் குட்டையாகும். கேட்டால், "குளிர்ல கை சுருங்கிடுச்சு சார்" என்பார்.

கல்யாணமான புதிதில் கல்லூரி விட்டு வரும்போது பேருந்து நிறுத்தத்தில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போவேன். தினமும் இல்லை, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். இலையில் மடித்து நாரால் கட்டித் தருவார்கள். வீட்டு வாசலிலேயே நின்று மனைவி கையில் கொடுப்பேன். கொடுத்துவிட்டு நகர மாட்டேன். அவர் பிரிக்க வேண்டும், சூட வேண்டும், நான் பார்க்க வேண்டும். அவரும் சிரித்துக்கொண்டே சூடுவார். ஆனால் ஒன்பது மணிக்குள் அந்தப் பூ சாமி படத்துக்குப் போயிருக்கும். பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே ஓடியது 11 வருடம். ஒரு தீபாவளிக்கு என் மைத்துனி வந்திருந்தார். நான் பூவோடு உள்ளே நுழைந்ததைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கு மல்லிகை வாசம்னாலே தலைவலியாச்சே மாமா, சின்ன வயசிலிருந்தே" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. 11 வருடமாக நான் சாமிக்குத்தான் பூ வாங்கியிருக்கிறேன்! அதுவும் யார்? பூவின் சூலகத்தை அறுத்துக் காட்டிப் பாடம் நடத்துகிற ஆள்!

ராத்திரி மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "வாசல்ல நிக்கிறப்ப உங்க முகத்தை நீங்க பார்த்ததில்லைங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தலைவலி பூவால் வந்தது, அதை விடுங்கள். சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் வாசலில் காத்து நின்ற என் முகம். பூவைக் கொடுத்துவிட்டுக் கூடவே ரசீதும் கேட்டிருக்கிறேன். நீ மகிழ்ந்தாய் என்று கையெழுத்துப் போட்டுக் கொடு என்று நிற்பது போல. பெரிய பரிசுகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். 25ஆவது கல்யாண நாளுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சூழ்ந்திருக்க ஒரு பட்டுப்புடவையை எடுத்து நீட்டினேன். அத்தனை பேர் பார்க்கும்போது ஒரு மனுஷி என்ன செய்வார்? கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் புடவை இரண்டு முறைதான் பீரோவை விட்டு வெளியே வந்தது. நிறத்தைப் பற்றி நான் இப்போது எதுவும் சொல்லப்போவதில்லை.

மல்லிகைக்குப் பிறகு கனகாம்பரத்துக்கு மாறினேன். அதற்கு வாசமே கிடையாது. ஒரு நாள் முழுக்க வாடாமல் இருக்கும். வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கால் கழுவப் போய்விடுவேன். சூடினால் சூடட்டும், சூடாவிட்டால் இல்லை. போகப் போக, நான் கேட்காமலே, "இன்னிக்குப் பூ நெருக்கமாத் தொடுத்திருக்காங்க" என்று அவராகச் சொல்ல ஆரம்பித்தார்.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசுகிறேன். குறுந்தொகையில் 167ஆவது பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. பள்ளியில் படித்திருப்பீர்கள். மகளின் புது வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். காந்தள் போன்ற விரலால் கட்டித்தயிரைப் பிசைந்திருக்கிறாள் பெண். காந்தள் என்றால் நம் மாநில மலர் செங்காந்தள்தான். இதழ் விரல் போல நீளமாக அழகாக இருக்கும், ஆனால் கிழங்கு விஷம். அது கிடக்கட்டும். விரலைத் துடைத்த துணியை மாற்றக்கூட நேரமில்லை. தாளிக்கிற புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. அப்படித் துழாவிச் சமைத்த புளிக்குழம்பை, கணவன் "இனிது" என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதின் மகிழ்ந்தது. பாட்டு அவ்வளவுதான்.

"நுண்ணிதின்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வேண்டுமானால் இன்னொரு முறை சொல்கிறேன், நுண்ணிதின். கூர்ந்து பார்த்தால்தான் தெரிகிற மகிழ்ச்சி. அவள் எப்படி இருக்கிறது என்று கேட்டதாகப் பாட்டில் இல்லை. அவனும் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறான், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. இருவர் கையிலும் ரசீது இல்லை. எப்போதும் பெண்தான் புகையில் நிற்க வேண்டுமா என்று நேயர்களில் யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் வீட்டில் காலைக் காப்பி 14 வருடமாக என் பொறுப்பு. முதல் டிகாஷன் அவருக்கு, இரண்டாவது எனக்கு. இன்றுவரை அவர் அதற்கு "இனிது" என்று சொன்னதில்லை. தம்ளர் காலியாகத் திரும்பி வருகிறது.

அப்புறம், இது கல்யாணமானவர்களுக்கு மட்டும் சொல்கிற பேச்சு இல்லை. காதலிக்கிற பிள்ளைகளும் கேட்கிறீர்கள். செலவே இல்லாத காரியங்கள் எத்தனையோ உண்டு. அவர் காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர் என்றால் ராத்திரியே வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து வைக்கலாம். மதியம் அசந்து தூங்கினால் கைப்பேசியை எடுத்துப்போய் அடுத்த அறையில் வைக்கலாம். வேலை முடிந்து முகம் வாடி வந்தால், என்ன ஆச்சு என்று துளைக்காமல் ஒரு கால் மணி நேரம் சும்மா விடலாம். இந்தச் சும்மா விடுவது ஆண்களுக்குக் கடினம் என்பார்கள், பெண்களுக்கும் கடினம்தான். ஆனால் செய்து முடித்த பிறகு "நான்தான் பெட்ரோல் போட்டேன், பார்த்தியா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம். துபாயிலும் சிங்கப்பூரிலும் ஒருவர், இங்கே ஒருவர் என்று இருக்கிறவர்களுக்காகத் தனியாக ஒரு பக்கம் எழுதி வந்தேன். அதில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாசலில் நிற்கிற என் முகம் இப்போது நீல டிக்காக வந்திருக்கிறது. "பார்த்துட்டு ஏன் பதில் போடலை?" என்பதுதான் இன்றைய ரசீது. வழியில் பார்த்த ஒரு மரத்தைப் படமெடுத்து அனுப்பும்போது, கூடவே "பதில் வேண்டாம், வேலையைப் பாரு" என்று எழுதிப் பாருங்கள். மீதியை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

இப்போது ஒரு விரல் ஆகிவிட்டது. எங்கள் தெருப் பூக்காரம்மாவும் எட்டரைக்கு எல்லாம் கூடையைக் கட்டிவிடுவார். வணக்கம்.