சாய்ந்த தென்னையும் உடைமையாளரின் பொறுப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் குமரி மாவட்டத்தில் ஒருவருடைய விளைக்கும் ஊர்ச் சாலைக்கும் இடையே பெரும்பாலும் ஒரு கையாலையோ மதிலோதான் இருக்கிறது. அதன் ஓரத்தில் நிற்கும் தென்னை சாலைப் பக்கம் சாய்ந்திருப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அந்த மரம் விழுந்து, வழியே போன ஒருவருக்குக் கால் முறிந்தால், அவர் உடைமையாளரிடம் இழப்பீடு கேட்க முடியுமா? தீங்கியல் சட்டத்தில், அதாவது ஒருவர் இழைத்த தீங்குக்கு மற்றவர் இழப்பீடு பெற வழிசெய்யும் சட்டத்தில், கவனக்குறைவு எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பதை இந்த ஒரு கேள்வியை வைத்தே விளக்க விரும்புகிறேன்.

மரம் விழுந்தது, கால் முறிந்தது என்பதனால் மட்டுமே உடைமையாளர் பணம் தந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. பாதிக்கப்பட்டவர்மீது கவனம் செலுத்தும் கடமை எதிர்த்தரப்புக்கு இருந்தது, அந்தக் கடமையிலிருந்து அவர் தவறினார், அந்தத் தவறினால்தான் இழப்பு நேர்ந்தது என்ற மூன்றையும் வழக்குத் தொடுத்தவர் மெய்ப்பிக்க வேண்டும். இவற்றுள் கடமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் செயலால் யார் பாதிக்கப்படுவார்கள் என்று நியாயமாக முன்னுணர முடியுமோ, அவர்களிடம் நமக்குக் கடமை உண்டு என்பது 1932இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை டோனகு வழக்கில் வகுத்த நெறி. இந்திய நீதிமன்றங்களும் அதை ஏற்றுக்கொண்டுள்ளன. சாலையோர மரத்தின் உடைமையாளருக்கு வழிப்போக்கர் அத்தகையவரே.

வழக்குகள் பெரும்பாலும் நிற்பதும் விழுவதும் கடமை தவறப்பட்டதா என்ற இரண்டாவது கேள்வியில்தான். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்தால் இது தெளிவாகும். தில்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்த வழக்கில், நாற்பது நாற்பத்தைந்து ஆண்டுகளே தாங்கக்கூடிய சாந்தால் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு வயது எண்பது என்பது வெளிவந்தது. அது இடிந்து விழுந்ததே கவனக்குறைவுக்குச் சான்று என்று கொண்டு, 1966இல் மாநகராட்சியே பொறுப்பு என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ராஜ்கோட்டில் நடந்து சென்ற ஒருவர்மீது சாலையோர மரம் விழுந்து அவர் இறந்த வழக்கில், அவ்வாறு நேரும் என்று மாநகராட்சி முன்னுணர்ந்திருக்க முடியாது என்று கருதி, 1997இல் அதைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு அது மிகக் கடுமையான முடிவு என்பதே என் எண்ணம். எனினும், முன்னுணரக்கூடியதா என்ற அளவுகோல் எவ்வளவு முக்கியமானது என்பதை அது காட்டுகிறது.

அப்படியானால் நம் தென்னையில் எதை முன்னுணர முடியும்? சிவப்புக் கூன்வண்டு துளைத்த மரத்தில் தண்டின்மேல் சிறு ஓட்டைகள் தெரியும். அவற்றிலிருந்து பழுப்பு நிறச் சாறு வடியும். மென்று துப்பியதுபோல் நார் பிதுங்கி நிற்கும். தேங்காய் வெட்ட வருபவர் அதைக் கண்டு, இனி இதில் ஏற மாட்டேன் என்று சொல்லியிருந்தால், அதன்பின் அந்த மரம் விழுவது உடைமையாளருக்கு எதிர்பாராத நிகழ்வு ஆகாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது நல்ல மரங்களும் வேரோடு சாய்ந்தன. அவற்றுக்காக யாரையும் கவனக்குறைவானவர் என்று சொல்ல இயலாது. உளுத்துப்போன மரமோ சாதாரண ஆடிக்காற்றுக்கே விழும். அங்கே இயற்கையின்மேல் பழிபோட்டுத் தப்ப முடியாது.

ஆகவே, அத்தகைய மரத்தைக் கண்டால், விழுந்தபின் சண்டையிடுவதைவிட, உடைமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, சேர்ப்புச் சான்று கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். நாளிட்ட புகைப்படமும் எடுத்து வையுங்கள். தெரியாது என்ற மறுப்புக்கு அதன்பின் இடமிராது. ஊராட்சிக்கும் ஒரு படி அனுப்புவது நல்லது.

பாதிக்கப்பட்டவரின் நடத்தையும் கணக்கில் வரும். கயிறு கட்டி வழி மறித்திருப்பதைக் கண்டும் அதைத் தாண்டிச் சென்றவருக்கு, அவர் பங்கின் அளவுக்கு இழப்பீடு குறையக்கூடும். மரம் விழுந்து ஒருவர் இறந்துவிட்டால், 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தின்கீழ் அவருடைய மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக இழப்பீட்டு வழக்குத் தொடுக்கலாம். ஆனால் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். துக்கத்திலும் மத்தியஸ்தப் பேச்சிலும் அந்தக் காலம் கரைந்துவிடாமல், தொடக்கத்திலேயே ஒரு வழக்கறிஞரையோ, நாகர்கோவிலிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ அணுகுங்கள். வணக்கம்.